கண்டலுக்கு ஈடு எங்கே நடப்படும்?

மட்டக்களப்பு வாவிக்கரையில், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி விடுதி கட்டுகிறவர் வேறோர் இடத்தில் அதே அளவு கண்டலை நட்டுத் தந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? ஓரிடத்தில் அழித்த இயற்கைக்கு வேறிடத்தில் ஈடுசெய்யும் ‘உயிர்ப்பல்வகைமை ஈடு’ என்னும் ஏற்பாட்டின் அரசியலே, அந்த வேறோர் இடம் எது, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2024 பெப்ரவரி முதல், கட்டுமான அனுமதி பெறுவோர் பெரும்பாலும், கட்டுமானத்துக்கு முன் அந்நிலத்தில் இருந்ததைவிட வாழிட மதிப்பை 10 சதவீதம் கூட்டி, உருவாக்கிய வாழிடத்தை 30 ஆண்டுகள் பேண வேண்டும். தம் நிலத்தில் இயலாதவர்கள் பிறர் நிலத்தில் உருவான வாழிடத்தை, அதன் மதிப்பைக் குறிக்கும் அலகுகளாக விலைக்கு வாங்கலாம்; தொலைவில் வாங்கினால் அலகின் மதிப்பு குறையும். அது நல்ல விதி. ஆனால் வாழிடத்தின் பரப்பையும் தரத்தையும் அளக்கும் அந்தக் கணக்கில், அங்கே வலை வீசிப் பிழைத்தவரின் இழப்பு ஏறுவதில்லை. இந்தியாவிலோ, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டு நிலத்தை எடுப்போர் செலுத்தும் பணம் அரசு நிதியத்தில் சேர்ந்து, அதில் 90 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது. அலகு விற்கும் தரகருக்கு இடமில்லை என்றாலும், காடு முளைத்ததா என்ற கவலை பணம் கட்டியவரை விட்டு வனத்துறையின் தலையில் விழுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. மகாவலித் திட்டத்தால் வாழிடம் இழந்த காட்டுயிர்களுக்குப் புகலிடமாக, அம்பாறை மாவட்டத்திலும் விரியும் மாதுறு ஓயா தேசியப் பூங்கா 1983இல் பிரகடனமானது. யானைக்குக் காடு கிடைத்தது. தம்பானையில் வாழும் வேடர் பழங்குடியினரின் வேட்டைக்காடு பறிபோனது. அந்த ஈட்டின் விலையைக் கட்டியவர்கள் அவர்களே.

நடுவதிலும் சிக்கல் உண்டு. தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் கண்டல் நாற்றைச் சேற்றில் வரிசையாகக் குத்திப் படம் எடுப்பது எளிது. சுனாமிக்குப் பின் இலங்கையில் நடப்பட்ட கண்டல்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றும் உயிரோடில்லை என்றது. முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் எந்தக் கரையில் நீர் எவ்வளவு நாள் தேங்கும் என்பதை நாளும் வலையோடு போகிறவர் அறிவார்; அவரைக் கேட்காமல் நட்டால் கன்று அழுகும்.

ஆகவே 30 ஆண்டுப் பொறுப்பை நான் இங்கிலாந்திடமிருந்து எடுத்துக்கொள்வேன்; அலகு விற்பனையை ஏற்கமாட்டேன். ஈடு இதே வாவியிலேயே நடப்பட வேண்டும். கன்று வேரூன்றி நின்ற பின்னரே வெட்டும் அனுமதி பிறக்க வேண்டும். கன்று வேரூன்றிவிட்டது என்னும் சான்று, அவ்வூர் மீனவர் சங்கம் கையொப்பமிடாவிட்டால் செல்லக்கூடாது.