சீஸ்கோப்பா, கிளாங்டியா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளும் தங்கைகளும் கேட்பது இதைத்தான்: யாரோ எழுதிய பழைய சி மொழி நிரலைப் படிக்க, எந்தப் பெயர் எங்கே வருகிறது என்று தேடித் தரும் சீஸ்கோப் (cscope), கிளாங்டி (clangd) என்ற இரண்டு கருவிகளில் எது நல்லது?

செலவு: இரண்டும் இலவசம்.

அமைப்பது: சீஸ்கோப்புக்குக் கோப்புகள் மட்டும் போதும், கம்பைல் ஆகாத (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற முடியாத) நிரலிலும் தேடும். கிளாங்டிக்கு எந்தக் கோப்பு எந்த ஃபிளாக்குகளோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பங்களோடு) கம்பைல் ஆகிறது என்ற பட்டியல் வேண்டும். பில்ட் செய்ய (முழு நிரலையும் கம்பைல் செய்து சேர்க்க) உதவும் சிமேக் (CMake) என்ற கருவியிடம் கேட்டால் அந்தப் பட்டியலை எழுதித் தரும்.

துல்லியம்: சீஸ்கோப் பெயரைத்தான் பார்க்கும், ஒரே பெயரில் இரண்டு ஸ்டாடிக் ஃபங்ஷன் (தன் கோப்புக்குள் மட்டும் செல்லும் ஃபங்ஷன்) இருந்தால் கலந்து காட்டும். கிளாங்டி கம்பைலரைப் போலவே படிப்பதால் சரியாகப் பிரிக்கும். அதனாலேயே, இஃப்டெஃப் (#ifdef, நிபந்தனை பொருந்தினால் மட்டும் கம்பைல் செய் என்னும் வரி) போட்டு அணைத்த பகுதி அதற்குத் தெரியாது. பழைய நிரலில் பாதி விஷயம் அங்கேதானே இருக்கும்!

ஏற்காட்டு வீட்டில் பழைய லேப்டாப், பில்டும் ஓடவில்லை என்றால் சீஸ்கோப். தினமும் திருத்தப்போகும் நிரல் என்றால் கிளாங்டிதான், அமைக்க ஒரு நாள் போனாலும் சரி.