ஈ.கோலை பாக்டீரியா செல்லை உடைத்துப் புரதம் எடுக்க: சொனிகேட்டரா (ஒலி அதிர்வால் உடைக்கும் கருவி), லைசோசைமா (செல்சுவரை அரிக்கும் நொதி)?

செலவு: சொனிகேட்டர் லட்சக்கணக்கில். லைசோசைமும், அதோடு சேர்க்கும் ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட்டும் சில்லறைச் செலவு, ஆனால் ஒவ்வொரு முறையும்.

முறை: சொனிகேட்டரை 10 விநாடி ஓட்டி 30 விநாடி நிறுத்துங்கள், ஆறு சுற்று, குழாய் ஐஸிலேயே இருக்கட்டும். லைசோசைம் முறையில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் லைசோசைம், 1% ட்ரைட்டன், பிஎச் 8, ஐஸில் 30 நிமிடம்.

கெடுவது: சொனிகேட்டர் முனை கரைசலின் மேல்மட்டத்துக்கு வந்தால் நுரைக்கும், புரதம் குலையும். லைசோசைமில் தொல்லை அதிகம். டிஎன்ஏ அறுபடாமல் வெளிவந்து கரைசல் சளியாக இழுக்கும், பிப்பெட்டில் ஏறாது. டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸையும், அது வேலை செய்யத் தேவையான மக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றும் வேதிப்பொருள்) கூடாது, அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். ட்ரைட்டன் வேறு, புரத அளவு பார்க்கும் 280 நானோமீட்டர் ஒளி அளவீட்டைக் கெடுக்கும்.

ஒரு லிட்டர் வளர்ப்பிலிருந்து சுத்திகரிக்க சொனிகேட்டர்தான். இருபது சிறு குழாய்களில் எதில் புரதம் வருகிறதென்று பார்க்க லைசோசைம் போதும். உங்கள் புரதத்தின் மூலக்கூறு எடை 14 கிலோடால்டன் அருகே என்றால் மட்டும் வேண்டாம்: புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் லைசோசைமின் பட்டையும் அங்கேயே விழும்.