குச்சிக்கிழங்குக் காட்டில் யார் பேச்சைக் கேட்பது?

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் வயலைக் காடு என்போம், மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். அதை வைத்திருப்பவர், குருத்து சுருண்டு கொத்தாகி அதில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருப்பதைக் கண்ட அன்றே இரண்டு யோசனைகளுக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. கண்டபடி மருந்தடிக்காமல், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிக்கு இடம் கொடுங்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்துச் சொல்வது. இன்றே அடித்துவிடு என்பது நம் கண்ணும், பெரும்பாலும் மருந்துக்கடைக்காரரும் சொல்வது.

முதல் யோசனைக்குப் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. இதே மாவுப்பூச்சி 1970களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை அழித்தபோது, பராகுவேயில் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைப் பரப்பித்தான் அதை அடக்கினார்கள். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு நம் பக்கமும் பரவியபின், அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். ஒரே நிபுணரின் கருத்தாக இருந்தால் நான் தயங்குவேன். இது பல நாடுகளின் வயல்களில் தேறிய முடிவு.

இரண்டாவது யோசனையின் பலம் அதன் வேகம். அடித்த சில நாளில் பூச்சி உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவியும் அதோடு சாவதை எந்தக் கண் பார்க்கிறது? மாவுக்குள் ஒளிந்து தப்பிய பூச்சிகள் எதிரியில்லாத காட்டில் மறுபடி பெருகும்போது, மருந்து பத்தவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். ஒரு காட்டில் ஒரு பருவம் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சுற்று பிடிபடாது. பல காடுகளைப் பல ஆண்டுகள் பார்த்தவர்களுக்கே அது தெரியும்.

அதற்காக நிபுணர் சொல் எல்லாம் வேதமல்ல. சேர்வராயன் மலையில் காபி வைத்திருப்பவர்களிடம் காவேரி ரகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இலைத்துரு நோயைத் தாங்கும் என்று 1980களில் பரிந்துரைத்த ரகம் அது. பூஞ்சையின் புதிய இனங்கள் தோன்றியபின் அந்த எதிர்ப்பு நிலைக்கவில்லை. இலையடியில் ஆரஞ்சுப் பொடி படிவதைக் காண யாருக்கும் பட்டம் தேவையில்லை, அங்கே தோட்டக்காரரின் கண்ணே சரியான சாட்சி. காபிச் செடி பலனுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், புது ரகத்தை எவ்வளவு பெரியவர் சொன்னாலும் முதலில் ஒரு மூலையில் வைத்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே நான் பார்ப்பது இதைத்தான்: என் முடிவு தவறானால், அந்தத் தவறு என் காட்டிலேயே, திருத்திக்கொள்ள நேரமிருக்கும்போதே என் கண்ணுக்குத் தெரியுமா? தண்ணீர் எப்போது விடுவது, எந்தப் பட்டத்தில் நடுவது, எந்தக் காட்டிலிருந்து குச்சி வாங்குவது ஆகியவற்றில் தெரியும். அங்கே என் முடிவே முடிவு. மாவுப்பூச்சியில் தெரியாது. போன பருவத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் மூன்று முறை அடித்தபோதும் நான் அடிக்கவில்லை. பூச்சி முற்றிய குருத்துகளை மட்டும் கிள்ளிப் பைக்குள் போட்டு எரித்தேன். அச்சமாகத்தான் இருந்தது. நாற்பது நாள் கழித்து ஒரு குருத்தைப் பிரித்து லென்ஸை வைத்தபோது, மாவு உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த பூச்சிக் கூடுகளும், அவற்றின் ஓரத்தில் குளவி வெளியேறிய வட்டத் துளைகளும் தெரிந்தன.