உலுருவுக்குக் குழு டூரா, வாடகைக் காரா?

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் நிற்கும் உலுரு என்ற பெரிய பாறையைப் பார்க்கப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது இதுதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இறங்கிக் காரை வாடகைக்கு எடுப்பதா? இல்லை, தங்க இடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்ந்த மூன்று நாள் குழு டூரில் ஏறிவிடுவதா? ஜூலையில் டூரில்தான் போனோம். இன்னொரு முறை போனாலும் அதையேதான் எடுப்பேன்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பாறைக்குப் பக்கத்து ஊரான யூலாராவுக்கு நேரே விமானத்தில் போய் ரிசார்ட்டில் தங்கலாம். உலுரு மட்டும் போதும் என்பவர்களுக்கும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் அது சரி. கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு அங்கிருந்து 300 கிலோமீட்டர். அதையும் பார்க்க நினைத்தால் காரா டூரா என்ற கேள்வி திரும்ப வந்துவிடும்.

காரின் வசதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், குழந்தைகள் தூங்கி எழுந்தபின் கிளம்பலாம். சாலையும் நல்ல சாலை. ஆலிஸிலிருந்து ஸ்டூவர்ட் ஹைவேயில் தெற்கே 200 கிலோமீட்டர், எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பி லாசெட்டர் ஹைவேயில் இன்னும் சுமார் 250 கிலோமீட்டர் போனால் யூலாரா. முழுக்கத் தார் போட்ட வழி, சாதாரணக் காரே போதும்.

வாடகை ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படிக்கும்போதுதான் சிக்கல் புரியும். அந்தப் பக்கத்து ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டக்கூடாது, ஓட்டி மோதினால் காப்பீடு கிடையாது. காரணம் நியாயமானது. மாட்டுப் பண்ணைகள் பல இடங்களில் வேலியில்லாமல் சாலையோரம் வரை கிடக்கின்றன. அந்தி சாய்ந்தால் கங்காரு வரும். காட்டு ஒட்டகமும் வரும். 19ஆம் நூற்றாண்டில் சுமை தூக்கக் கொண்டுவந்து, லாரிகள் வந்ததும் அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களின் வழிவந்தவை அவை.

இப்போது அந்தப் பயணத்தில் என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். உலுருவில் சூரிய உதயம், அஸ்தமனம். உதயம் பார்க்கும் மேடைக்கு யூலாராவிலிருந்து இருட்டில்தான் கிளம்பியாக வேண்டும். அஸ்தமனம் பார்த்துத் திரும்பும்போதும் இருட்டிவிடும். கிங்ஸ் கேன்யனின் விளிம்பு நடையை விடியற்காலையில் தொடங்குவதுதான் நல்லது. எந்த வேளைகளுக்காக அவ்வளவு தூரம் போகிறோமோ, சரியாக அந்த வேளைகளில் ஒப்பந்தம் கையைக் கட்டிவிடுகிறது. மீறி ஓட்டுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு மாடு குறுக்கே வந்தால் காரின் முழு விலையும் நம் தலையில். உயிருக்கு ஆபத்து என்பது அதற்கும் முன்னால் நிற்கிற விஷயம். டூர் பஸ்ஸில் முன்பக்கம் இரும்புத் தடுப்பு உண்டு, அந்தச் சாலையிலேயே பழகிய ஓட்டுநர் உண்டு, பொறுப்பு நிறுவனத்துடையது.

இதோடு கிலோமீட்டர் கணக்கையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர்தான் இலவசம் என்று வரம்பு வைப்பது அங்கே சாதாரணம். ஆலிஸ், யூலாரா, கிங்ஸ் கேன்யன், மறுபடி ஆலிஸ் என்று சுற்றினால் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று நாளில் குறைந்தது 900 கிலோமீட்டருக்குத் தனிக் காசு. பெட்ரோலும் வழியோர பங்க்குகளில் நகரத்தைவிட நல்ல விலை. இதையெல்லாம் கூட்டினால், இரண்டு பேர் போகும்போது டூர் ஒன்றும் பெரிய செலவாகத் தெரியாது. நாலு பேர் ஒரே காரில் என்றால் கணக்கு மாறலாம்.

வழிகாட்டி கூட இருப்பதும் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. உலுரு அந்த மண்ணின் பழங்குடிகளான அனாங்கு மக்களின் புனித இடம். பாறையின் சில பகுதிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. எந்தக் கதையை வெளியாரிடம் சொல்லலாம் என்பதற்கும் வரையறை உண்டு. நிலம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது 1985 அக்டோபர் 26. மேலே ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது 2019இல் அதே தேதியில். இதையெல்லாம் பாறையின் அடியில் நின்று ஒருவர் சொல்லக் கேட்டபோது மனதில் பதிந்த விதம் வேறு.

டூரில் குறையும் உண்டு. நாலரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். உலுருவின் அடியில் இருக்கும் முடிஜுலு சுனையருகே இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றிருந்தது, முடியவில்லை. படுக்கை ஸ்வாக் எனும் கேன்வாஸ் மெத்தைச் சுருளில், வெட்டவெளியில். ஜூலை இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கம்பளிக் குல்லா கட்டாயம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்; பருப்புப் பொடி கொஞ்சம் எடுத்துப் போனது எங்களுக்கு உதவியது. கோடையில் நான் போனதில்லை, அதனால் அந்தப் பருவத்துக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 36 டிகிரி வெயில் என்று முன்னறிவிப்பு வந்தாலே உலுருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டா ஜுட்டா பாறைக் குன்றுகளின் காற்றுப் பள்ளத்தாக்கு நடையைப் பதினொரு மணிக்குப் பாதியில் அடைத்துவிடுவார்கள்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் கார்தான் வழி. பல டூர்களில் குறைந்தபட்ச வயது உண்டு. அப்படிப் போகிறவர்கள் கிலோமீட்டர் வரம்பில்லாத வாடகையைத் தேடுங்கள், இரவு நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸுக்குக் குறுக்கே போகும் மெரீனி லூப் மண் சாலை, சாதாரண வாடகைக் காரை அதில் இறக்காதீர்கள். அப்புறம், உலுருவின் அடியில் ரேஞ்சர்கள் இலவசமாக அழைத்துப் போகும் மாலா நடை அன்று உண்டா என்று அங்குள்ள பண்பாட்டு மையத்தில் கேளுங்கள். வழிகாட்டி இல்லாத குறையை அது ஓரளவு தீர்க்கும்.