‘கம்பெனி கலர்’ கடைக்காரரை நம்பி 42,000 ரூபாய் போச்சு: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனம்

இன்று காலை அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன். ஜாவா, யெஸ்டி, புல்லட், லாம்பி ஸ்கூட்டர் என்று பழைய வண்டி எதையாவது வைத்துக்கொண்டு, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே நிறத்துக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் முழுதாகப் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 1969 ஜாவா 250, மைசூரில் செய்தது. அப்பா புதிதாக எடுத்த வண்டி. ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996லேயே மூடிவிட்டதால் கம்பெனியைக் கேட்டு நிறத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லை. நடுவில் வண்டிக்கு வேறு பெயின்ட்கள் அடித்தாகிவிட்டது. டாங்கில் இல்லை, மட்கார்டில் இல்லை. பழைய மெரூன் மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில்தான்: டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கம். அங்கே வெயிலும் படவில்லை, யாரும் ஸ்ப்ரே கன்னையும் கொண்டுபோகவில்லை. நிழலில் பார்த்தால் ஏறக்குறைய கறுப்பு. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளேயிருந்து சிவப்பு எழும்பி வரும். அப்பாவின் பழைய போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதனால் அந்த உள்ளங்கை அளவு பெயின்ட்தான் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி.

கடை கோவைப் பக்கம். பழைய வண்டிகளைப் புதுசாக்கி வீடியோ போடுகிற ரகம். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் எப்படி நம்பினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆள் சொன்னது எதுவும் தப்பில்லை. மூடியைக் கையில் வாங்கியதும் நேராக மெஷினை வைக்கவில்லை. ஓர் ஓரத்தை மட்டும் பாலிஷ் காம்பவுண்ட் போட்டு மெதுவாகத் தேய்த்தார். "வெளுத்த படலத்தோட அளந்தா மெஷினும் வெளுத்த கலரைத்தான் காட்டுங்ணா" என்றார். சரிதான். பிறகு நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷினை வைத்து ரீடிங் எடுத்தார். "மெஷின் சொல்றது பக்கத்துல வர்ற ஃபார்முலாதான். கடைசி ரெண்டு சொட்டை ஆள்தான் கண்ணால பாத்து சேக்கணும்" என்றார். அதுவும் சரி. மெரூன் மாதிரி சிவப்பு வகைகளுக்கு மூடும் சக்தி குறைவு, அடியில் இருக்கும் பிரைமர் நிறம் மேலே தெரியும், எனவே நிறத்தை முதலில் அடித்துப் பார்க்கும் மாதிரித் தகட்டிலும் (டெஸ்ட் பேனல்) அதே பிரைமர் அடித்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். அந்தக் காலத்து வண்டிக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்ட்டில் வரும் சிங்கிள் ஸ்டேஜிலேயே முடித்துத் தருகிறோம் என்றார். இத்தனையும் தெரிந்த ஒருவரை எப்படிச் சந்தேகப்படுவது? "கலர் கலக்கறவர் நேர்ல பாக்கணுங்ணா, மூடி இங்கயே இருக்கட்டும்" என்றபோது கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியும் அங்கே. அட்வான்ஸ் 25,000.

டெஸ்ட் பேனல் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. போட்டோவில் மெரூனை என்னவென்று பார்ப்பது? நேரில் வந்து பார்க்கிறேன் என்றால் பெயின்டர் லீவு, மழை, கம்ப்ரஸர் ரிப்பேர். திடீரென்று ஒருநாள் "வண்டி ரெடிங்ணா". போனபோது இருட்டிவிட்டது. கடையின் எல்இடி வெளிச்சத்தில் நிறம் நன்றாகவே இருந்தது. மீதி 17,000 கொடுத்தேன். ஆக மொத்தம் 42,000 ரூபாய். பில் கேட்டதற்கு "அனுப்பி வைக்கறேன்" என்றார்.

மறுநாள் வெயிலில் நிறுத்தியதும் வயிறு எரிந்துவிட்டது. கத்தரிப்பூ சாயல்! பெயின்ட்டில் சேர்க்கும் நிறப்பொடி (பிக்மென்ட்) வேறாக இருந்தால் ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு நிறங்கள் வெயிலில் விலகிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சிங்கிள் ஸ்டேஜ் என்றால் துணியில் நிறம் ஏற வேண்டும். ஒரு பொட்டு ஏறவில்லை. மேலே கிளியர் அடித்திருக்கிறார்கள். டாங்கில் க்ரோமும் மெரூனும் சேரும் இடத்தில் கையால் இழுக்க வேண்டிய தங்க நிற லைனை ஸ்டிக்கராக ஒட்டி, அதன்மேலேயும் கிளியர்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டூல் பாக்ஸைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தையும் தேய்த்து, பிரைமர் போட்டு, அதே கத்தரிப்பூ நிறத்தை அடித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் தப்பிப் பிழைத்த பெயின்ட். பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம், தப்பான பெயின்ட்டை உரித்துவிடலாம். அந்த மூடியில் இருந்ததை எந்தக் கடையில் போய் வாங்குவது?

போன் செய்தேன். முதலில் "புதுப் பெயின்ட் அப்படித்தான் இருக்கும், நாலு வெயில் பட்டா செட் ஆயிடும்". பிறகு "உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுதுங்ணா". மூடியைப் பற்றிக் கேட்டால் "உள்ளயும் நீட்டா இருக்கட்டும்னு பசங்க சேத்து அடிச்சுட்டாங்க, அதுக்குத் தனியா காசு வாங்கலையே". சரி, எடுத்த ரீடிங்கையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். அது இருந்தால் நிறம் பிழைத்துவிடும். "மெஷின் கம்பெனிக்காரங்களோடது, திருப்பிக் கொண்டுபோயிட்டாங்க". கடைக்கு நேரில் போனபோது அங்கே வேலை பார்க்கும் பையன் சொல்லிவிட்டான், ஏதோ ஒரு காருக்குக் கலக்கி மீந்துபோன மெரூனைத்தான் அடித்ததாக. கலர் யாரும் கலக்கவே இல்லை. 42,000 ரூபாய்க்கு மீந்துபோன பெயின்ட்! இதைச் சொல்லிக் கேட்டபிறகுதான் பிளாக்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இது மட்டும். பழைய பெயின்ட் இருக்கும் பாகத்தைக் கடையில் விட்டு வராதீர்கள். ரீடிங்கை உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லி, ஃபார்முலாவை அங்கேயே பிரிண்ட் வாங்குங்கள். பேனலை வெயிலில் பார்க்காமல் வண்டியைத் தொட விடாதீர்கள். இருட்டியபின் டெலிவரி எடுக்காதீர்கள். பில் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் அதில்தான் பதிந்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அதே காலத்து மைசூர் ஜாவா, மறுபெயின்ட் படாத டூல் பாக்ஸ் மூடியோ டாங்கோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பொருளை நீங்கள் கையைவிட்டுத் தர வேண்டாம். மெஷின் வைத்திருப்பவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் வாசலில், உங்கள் முன்னாலேயே ரீடிங் எடுத்துக்கொள்கிறேன், செலவு என்னுடையது.