மும்பையில் பித்தப்பை ஆபரேஷன்: எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தது

வெளிநாட்டில் வருஷக்கணக்காக வயிற்றுக் கோளாறுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, ஊருக்குப் போகும்போது ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில் லெஸ்டர். பிறந்து வளர்ந்தது மும்பை செம்பூர், அண்ணனும் அண்ணியும் இன்னும் அங்கேதான்.

எனக்கு ரொம்ப நாளாகவே சாப்பிட்டதும் வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். ஜிபி, அதாவது இங்கே நம் பகுதிக் குடும்ப டாக்டர், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை எழுதிக்கொண்டே இருந்தார். போன வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு வலி பிடிக்கும், வலது தோள்பட்டைக்குப் பின்னால் வரை போகும், ஒரு மணி இரண்டு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுத் தானாகவே விட்டுவிடும். ஸ்கேனுக்கு எழுதினார்கள், தேதிதான் வரவில்லை. இங்கே மேல்சிகிச்சை தொடங்க 18 வாரம் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு, பலருக்கு அதையும் தாண்டுகிறது.

மும்பையிலோ அண்ணி ஒரு போன் செய்தார், மறுநாள் காலையே சோனோகிராஃபி, அதாவது வயிற்று ஸ்கேன். வெறும் வயிற்றோடு போக வேண்டும், சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி, உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளையாகச் சின்னச் சின்ன மணிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பாக ஒரு நிழல், அவைதான் பித்தப்பைக் கற்கள். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார், மணிகள் எல்லாம் உருண்டு கீழே போயின. பெரியது 9 மில்லிமீட்டர். பித்தக் குழாயில் அடைப்பு இல்லை, பையின் சுவரும் தடிக்கவில்லை. அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில்.

அப்புறம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம், பெயர் வேண்டாம். அங்கிருந்த சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என் வயிற்றைத் தொடக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை எடுத்துடலாம், கேஸ், அசிடிட்டி எல்லாம் சரியாயிடும்" என்றார். கீழே கவுண்டரில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஜெனரல் வார்டு, இருவர் அறை, தனியறை, டீலக்ஸ் என்று வரிசையாக ரேட். அதே சர்ஜன், அதே தியேட்டர், ஆனால் படுக்கும் அறை மாறினால் ஆபரேஷன் கட்டணமும் மாறுகிறது, இதை ஏன் யாரும் கேட்பதில்லை என்று எனக்கு இன்னும் கோபம்தான். அதைவிட உறுத்தியது அந்த "எல்லாம் சரியாயிடும்". அண்ணன், "அட்வான்ஸ் கட்டாதே, இன்னொருத்தரிடம் கேட்டுப் பார்த்துக்கலாம்" என்று கூட்டிவந்துவிட்டார்.

அந்த இன்னொருவர் மாட்டுங்காவில், தமிழ் பேசுகிறவர். ரிப்போர்ட்டை மேஜையில் அப்படியே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டுங்கள், சாப்பிட்டு எத்தனை மணி கழித்து வருகிறது, வந்தால் அசையாமல் படுப்பீர்களா, நிலைகொள்ளாமல் எழுந்து நடப்பீர்களா. நான் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடப்பேன் என்றேன். "பாருங்கம்மா, உங்களுக்கு ரெண்டு வேற வேற பிரச்சினை. ராத்திரி வர்ற வலி கல்லாலதான். உப்புசமும் ஏப்பமும் கல்லே இல்லாதவங்களுக்கும் வரும். பையை எடுத்தா முதல் வலி போகும், ரெண்டாவதுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

இதைத்தான் இத்தனை வருஷத்தில் யாரும் பிரித்துச் சொல்லவில்லை. முதலில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, செய்யச் சொன்னார். புண் இல்லை, அமிலம் மேலே எதுக்களிக்கிறது, அவ்வளவுதான். வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம், ஆனால் வலி ஒருமுறை ஆரம்பித்தால் திரும்ப வரத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். கல் நழுவிக் குழாயில் மாட்டினால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி வரை போகலாம். கரைக்கும் மாத்திரை சில வகைச் சின்னக் கல்லுக்குத்தான், நிறுத்தினால் மறுபடி உருவாகலாம். பக்கத்து வீட்டு மாமி சொன்ன ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு வைத்தியத்தையும் கேட்டேன். வெளியே வருவது அந்த எண்ணெயும் சாறும் சேர்ந்து திரளும் சோப்புக் கட்டி, கல் இல்லையாம். ஆபரேஷனின் ஆபத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக் குழாய் காயப்படும், அது பெரிய சிக்கல். சிலருக்கு அப்புறம் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு இருக்கும்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷன், என்றதும் எனக்குத் தயக்கம். பைகுல்லா ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உட்வாடியா 1990லேயே இந்த முறையில் பித்தப்பையை எடுத்துக் காட்டிவிட்டார், இந்தியாவில் அதுதான் முதல் தடவை, இதே ஊரில்தான் என்று அண்ணன் சொன்னபிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டு நாள் யோசித்துச் சரி என்றேன், ராத்திரி வலிக்காக மட்டும்.

நான்கு துளை, மறுநாள் வீடு. வெட்டிய இடத்தைவிடத் தோள்தான் வலித்தது, வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் வாயுவால் அப்படி ஆகுமாம். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்கள், மிளகு நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வலி வரவே இல்லை. உப்புசம் இருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தால் குறைகிறது.

போகிறவர்கள் பயணத்தின் தொடக்கத்திலேயே டாக்டரைப் பாருங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது நான்கைந்து நாளாவது ஆக வேண்டும், அதுவும் எல்லாம் நல்லபடி நடந்தால். டிராவல் இன்ஷூரன்ஸ் பொதுவாக இந்த மாதிரித் திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பணம் தராது, அதனால் முழுச் செலவும் நம் கையிலிருந்துதான். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பயாப்ஸி ரிப்போர்ட்டையும் (எடுத்த பையை லேபில் சோதித்துத் தரும் முடிவு) கேட்டு வாங்குங்கள், அது வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். என்னுடையதை அண்ணிதான் போய் வாங்கி வாட்ஸப்பில் அனுப்பினார், இங்கே ஜிபி அதை அப்படியே என் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.