பராமரிப்புக்கு வரும் பிம் மாதிரி: சொலிப்ரியா, மாடல் செக்கரா, ஐடிஎஸ்ஸா?

கட்டடம் முடிந்து பிம் மாதிரி (கருவிகளின் தகவலையும் சுமக்கும் முப்பரிமாணக் கணினி மாதிரி) கைக்கு வரும்போது, குழாயும் காற்று போகும் டக்டும் எங்கும் முட்டவில்லை என்ற அறிக்கையும் சேர்ந்தே வரும். கட்டுகிறவருக்கு அது போதும். இருபது, முப்பது வருடம் பராமரிக்கப் போகிறவர் கேட்பது வேறு. இந்த ஏ.எச்.யு. (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் இயந்திரம்) எந்த அறைகளுக்குக் காற்று தருகிறது? வாரண்டி எப்போது முடிகிறது? ஃபில்டரைக் கழற்ற முன்னால் இடம் இருக்கிறதா? மாதிரியைச் சரிபார்க்க உதவும் சொலிப்ரி, மாடல் செக்கர், ஐடிஎஸ் மூன்றையும் இந்தக் கேள்விகளால்தான் எடைபோட வேண்டும். மென்பொருள்களுக்கிடையே தகவல் ஒழுங்காகக் கைமாறாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கு 2002-இல் 1,580 கோடி டாலர் இழப்பு என்று அந்நாட்டு அரசின் தர அளவீட்டு அமைப்பான நிஸ்ட் 2004-இல் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர், பராமரிப்பாளர் தலையில்தான் விழுந்தது.

ஆட்டோடெஸ்க்கின் மாடல் செக்கர், அதே நிறுவனத்தின் பிம் வரைவு மென்பொருளான ரெவிட்டுக்குள்ளேயே ஓடும். மாதிரி வரைகிறவர் அன்றாடம் திருத்திக்கொள்ள வசதியானது. ஆனால் அது பார்ப்பது ரெவிட் கோப்பை. ஒப்படைப்பது ஐஎஃப்சி (எந்த பிம் மென்பொருளுக்கும் பொதுவான கோப்பு வடிவம்) என்றால், ரெவிட்டின் எந்தத் தகவல் அதில் எங்கே போக வேண்டும் என்ற ஏற்றுமதி மேப்பிங் தவறும்போது நிரப்பிவைத்த வாரண்டித் தேதி காணாமல் போகும். செக்கரோ எல்லாம் சரி என்றே சொல்லும். அதனால் ஒப்படைப்புச் சோதனைக்கு இதை ஏற்க மாட்டேன்.

ஃபின்லாந்தில் பிறந்த சொலிப்ரி ஐஎஃப்சியையே திறந்து பார்க்கிறது. தகவலோடு வடிவத்தையும் சேர்த்துச் சோதிப்பதுதான் அதன் பலம்: கருவிக்கு முன்னால் ஆள் நின்று வேலை செய்ய இடம் உண்டா, ஒரே டேக் எண் (கருவியின் அடையாள எண்) இரண்டு பம்புகளுக்கு விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் விதியாக எழுதலாம். உரிமச் செலவு உண்டு. நல்ல விதி எழுதத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஐடிஎஸ் மென்பொருள் அல்ல. எந்தப் பொருளுக்கு எந்தத் தகவல் கட்டாயம் என்று கணினி படிக்கும்படி எழுதிய கோப்பு. ஐஎஃப்சி தரத்தையும் வகுக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு 2024 ஜூனில் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. உரிமையாளர் இதை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால், ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் ஒரே அளவுகோலில் சோதிப்பார்கள். ‘நீங்கள் கேட்கவே இல்லையே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐஎஃப்சிடெஸ்டர் என்ற திறந்தமூலக் கருவியிலேயே ஓட்டலாம். குறை என்னவென்றால், வடிவத்தை அது பார்க்காது. டேக் எண் இரட்டித்திருந்தாலும் பிடிக்காது.

ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் உண்டென்றால் ஐடிஎஸ்ஸை எடுங்கள். மருத்துவமனை, டேட்டா சென்டர் போன்ற இடங்களில் சொலிப்ரியையும் சேர்ப்பது அவசியம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கைக்கு எட்டாத ஃபயர் டேம்பரை (தீயின்போது டக்டை மூடும் தடுப்பை) வேறெப்படிக் கண்டுபிடிப்பது?

தகவலைப் பொறுத்தவரை இவை எல்லாமே கட்டம் விதிப்படி நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். நிரப்பியது உண்மையா என்று பார்க்காது. சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ‘பின்னர்’ என்று தட்டிவைத்தாலும், எண் எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று விதி எழுதாத சோதனையில் அது தேறிவிடும். எனவே பிளான்ட் ரூமில் சில கருவிகளை நீங்களே தேர்ந்தெடுத்து, நேம் பிளேட்டை மாதிரியோடு ஒப்பிடுங்கள். இறுதித் தவணை அதற்குப் பிறகே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.